பத்தாம் ஆண்டு அறிக்கை

படகிலேற்றிக் கொண்டுவந்த பேருந்து
கர்ட்லா நூலகத்தின் பின்னால் நிற்கும்,
ஈராண்டுக்கு ஒருமுறை, ஒன்பது நாள்.
ஓட்டுநர் கால்யு எஞ்சினை அணைப்பதில்லை.
அணைத்தால், மார்பை வைக்கும் தட்டு
கல்லாய்ச் சில்லிட்டுவிடும் என்பான்.

அழைப்புக் கடிதம் ஆயிரத்து நூற்று நாற்பது.
வந்தவர்கள் எழுநூற்று நாற்பத்து மூன்று.
ஏன் வரவில்லை என்ற கட்டத்தில்
ஒருத்தி எழுதியிருந்தாள்:
'உருளைக்கிழங்கு தோண்டும் வாரம்.'
அதற்குக் குறியீடு இல்லை.
'பிற' என்று போட்டேன்.

நான் இருப்பது தார்த்துவில்.
அந்தத் தீவில் கால் வைத்ததில்லை.
எனக்கு வருபவை தேதிகள்:
கண்டறிந்த நாள், இறந்த நாள்.
இதிலிருந்து அதைக் கழித்தால் வருவதற்கு
எங்கள் துறையில் 'பிழைத்திருந்த காலம்' என்று பெயர்.

ஹெல்வே பேருந்தில் ஏறினாள்.
கண்டது 2011 செப்டம்பர்.
மைமு ஏறவில்லை.
2015 இலையுதிர்காலத்தில், குளிக்கும்போது
கையில் தட்டுப்பட்டது.
இருவரும் இறந்தது 2019 பிப்ரவரியில்,
பன்னிரண்டு நாள் இடைவெளி.
வீட்டு எண்கள் அடுத்தடுத்தவை.

ஹெல்வேவுக்கு ஏழரை ஆண்டு,
மைமுவுக்கு மூன்றரை.
ஆக, திட்டம் தந்தது நான்கு ஆண்டு.
அமைச்சகத்து ராய்வோ அதை
முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் கேட்கிறான்.

தந்தது எதை?
சாவு ஓரடியும் நகரவில்லை.
கடிகாரத்தை முன்னதாக ஓடவிட்டோம்,
அவ்வளவுதான்.
அந்த நான்கு ஆண்டும் மைமு
தெரியாமல் வேலியோரம் பேசியிருப்பாள்,
ஹெல்வே தெரிந்தும் பேசியிருப்பாள்.
எந்த அலகில் அளப்பேன் இதை?

அந்த வரியை அடித்துவிட்டேன், ராய்வோ.
இறப்பை எண்ணுவோம்.
அழைத்த அத்தனை பேரையும் பகுதியில் வைத்து,
உருளைக்கிழங்குக்காரியையும் சேர்த்து.

எதிர்பார்த்தது ஒன்பது.
நடந்தது ஆறு.
மூன்று பேர்.
தற்செயலாகவும் இருக்கலாம் என்று அடிக்குறிப்பு.

யார் அந்த மூவர் என்று கேட்காதே.
எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது.
வெட்டி, தைத்து, முடி கொட்டி, மீண்ட
பதினேழு பேருக்குள் எங்கோ இருக்கிறார்கள்.
மீதியில் சிலரை அப்படியே விட்டிருந்தாலும்
ஒன்றும் ஆகியிருக்காது.
அவர்களும் நன்றிக் கடிதம் எழுதுகிறார்கள்,
அதே கண்ணீரோடு.
எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுகிறேன்.

மாலை கால்யுவிடமிருந்து செய்தி.
இந்த முறை ஹீட்டர் பழுதாம்.
தட்டைத் தன் கம்பளிக் கையுறைகளால்
மூடி வைத்திருக்கிறானாம்.
செலவுக் கணக்கில் எழுதலாமா என்று கேட்கிறான்:
கையுறை, ஒரு ஜோடி.

எழுது என்றேன்.