பிரிவு ஆறு

ஒலிப்பதிவுக் கருவியை
அக்ரூட் தட்டுக்கும் சாம்பல் கிண்ணத்துக்கும் நடுவே வைத்தேன்.
கிண்ணத்தில் சட்டைப் பொத்தான்கள் கிடந்தன.
"இந்த வீட்டில் இப்போது யாரும் புகைப்பதில்லை"
என்றாள் சியாலா, நான் கேட்காமலே.

குத்தாயிசியிலிருந்து மலையேறும் பேருந்தில் வந்திருந்தேன்.
நிலக்கரி ஊர். இங்கே மழைகூடக் கறுப்பு என்பார்கள்.
பொய். மழை மழையாகத்தான் விழுந்தது,
கூரையைத் தொட்ட பிறகுதான் கறுத்தது.
பையில் இருபத்திரண்டு கேள்விகள்,
ஒப்புதல் படிவங்கள், அவற்றில் பிரிவு ஆறு:
ஒருவர் சொன்னதை
அதே குடும்பத்தின் இன்னொருவரிடம் சொல்லமாட்டேன்.
கீழே என் கையெழுத்து.

முதலில் மனைவி. சமையலறை.
கேள்வி ஒன்பது: அவர் போன பின்
வீட்டில் எந்த வேலை யார் கைக்கு மாறியது?
"அடுப்பை ஜெமால் மூட்டுவார். இப்போது கேஸ்."
அவ்வளவுதானா என்று கேட்கக் கூடாது,
காத்திருக்க வேண்டும், பயிற்சியில் சொன்னது.
காத்திருந்தேன்.
(மௌனம், பதினோரு விநாடி)
"அன்று முட்டையில் உப்பு கூடிவிட்டது.
ஒன்றுமே சொல்லாமல் தின்றுவிட்டுச் சுரங்கத்துக்குப் போனார்.
திட்டியிருக்கலாம் அந்த மனுஷன்.
ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்."

பிறகு கருவியை அணைக்கச் சொன்னாள்.
சனிக்கிழமைதோறும் கல்லறையில்
யாரோ ஒரு சிகரெட் வைத்துப் போகிறார்களாம்.
பில்டர் இல்லாதது, அவருடைய வகை.
"யார் அவள்?" என்றாள் என்னிடம்,
நான் திபிலிசியிலிருந்து வந்தவள் என்பதால்
எல்லாப் பெண்களையும் எனக்குத் தெரியும் என்பதுபோல.

மகள் ஈயா மாடிப்படியில்.
படிக்கு ஒரு பதில், அடுத்த படிக்கு இறங்கிக்கொண்டே.
"அப்பா அன்று சாப்பிடவே இல்லை.
முட்டையை நாய்க்குப் போட்டார், ஜன்னலில் நின்று பார்த்தேன்.
என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.
அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்."

மகன் மிரியான் கோழிக்கூண்டுக்குப் பின்னால்.
பதினேழு வயது. நகக்கண் மஞ்சள்.
கல்லில் அப்பாவின் முகத்தைச் செதுக்கியிருக்கிறார்கள்,
அவர் ஒருநாளும் போடாத கோட்டுடன்.
அந்தக் கோட்டுக்காரரோடு பேச வராது அவனுக்கு.
"அதனால் இரண்டு பற்றவைப்பேன்.
ஒன்று எனக்கு. ஒன்று கல்லின் விளிம்பில்.
சில நாள் அவருடையது பாதியில் அணைந்துவிடும்,
அப்படியே விட்டுவிட்டு வருவேன்.
தெரிந்தால் அம்மா கொன்றே போடுவாள்."

இரவு, விட மாட்டோம் என்று உட்காரவைத்தார்கள்.
ரொட்டியை மதுவில் தோய்த்தார்கள் அவருக்காக.
மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்:
அவள் அழுதாளா, அவன் என்ன சொன்னான்,
என்னைப் பற்றி ஏதாவது?
நான் பீன்ஸ் நன்றாக இருக்கிறது என்றேன்.
மேசைக்கடியில் என் பாதத்தின் மேல்
தாடையை வைத்துப் படுத்திருந்தது நாய்,
பிரிவு ஆறில் கையெழுத்திடாத ஒரே சாட்சி.
அதுவும் வாயைத் திறக்கவில்லை.

நகரத்தில், ஹெட்போனுடன், எழுத்தாக்கினேன்.
பேராசிரியர் ஓரத்தில் பென்சிலால் குறித்தார்:
குடும்பத்துக்குள் பகிர்தல் குறைவு.
மறுக்க ஆதாரம் என்னிடம் இல்லை.

ஆனால் அந்தப் பதினோரு விநாடியை
ஒலி கூட்டிக் கேட்டேன் ஒருநாள்.
நான்காவது விநாடியில் குழாய் சொட்டுகிறது.
ஏழில், கதவுக்குப் பின்னால், பலகை முனகுகிறது
யாரோ ஒருவரின் எடையில்.
ஒன்பதில்
அடக்கியும் அடங்காத ஒரு சின்ன இருமல்.

அவளுக்குக் கேட்டிருக்குமா?
அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள், அது நினைவிருக்கிறது.
சிகரெட்டைப் பற்றி அவள் குரலைத் தாழ்த்தவில்லை என்பதும்
இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

தட்டச்சில் எதையும் மாற்றவில்லை.
மௌனம், பதினோரு விநாடி.