பதினோரு தோட்டா

கொக்கிரகுளத்துக்கு ஏழு மாசம் நடந்து வாங்கிய
தடையில்லாச் சான்று என் மடியில்.
பக்கத்தில் ஏட்டம்மா பேச்சித்தாய்.
வாடகைக் காரில் எங்களுக்கு நடுவே
ஜமுக்காளத்தில் சுற்றிய ஒற்றைக்குழல்,
டிக்கெட் எடுக்காத மூன்றாம் ஆள் மாதிரி.

ஏர்வாடி தாண்டும்போது டிரைவர் கேட்டான்,
"பைப்பாக்கா?"
"ஆமா, போர் பைப்பு"
என்றாள் ஏட்டம்மா. சிரிக்கவில்லை.

இருபத்தொரு வருசம் அழகியநம்பி பேரில் இருந்த உரிமம்.
காரணம் என்ற கட்டத்தில்
பயிர்ப் பாதுகாப்பு.
தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து
ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகுவார்.
ஓட்டு எண்ணி முடிந்து அது வீடு திரும்பும்வரை
மலையிறங்கும் பன்றிகளுக்கு எங்கள் தோப்பில் பந்தி.
தேதியை அதுகளுக்கு யார் சொல்கிறார்கள் என்று
நான் கேட்பதும் ஒரு வழக்கமாகிவிட்டது.

ஆள் போனபின்
வாரிசு விற்கலாம், வைத்துக்கொள்ளக் கூடாது.
வாழைத்தோப்பை என் பேருக்கு எழுதியபோது
இத்தனை பேர் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.
இதற்கு மட்டும்
இறப்புச் சான்று, வாரிசுச் சான்று,
மகன் சம்மதம், மகள் சம்மதம்,
வாங்குகிறவர் உரிமத்தின் நகல்,
அதில் துப்பாக்கி என்ற இடம் காலியாக.

பாளையங்கோட்டையில் ஜோயல் தங்கையா கடை.
கம்பிக் கதவுக்குள் இன்னொரு கம்பிக் கதவு.
சுவரில் பறக்கும் வாத்து,
நம் குளத்து வாத்து இல்லை.
வாங்க வந்தவர் ஹவில்தார் பூதத்தான்,
ஓய்வுபெற்று ஒன்றரை வருசம்.
கோவில்பட்டியில் ஒரு பேங்க் வாசலில் வேலையாம்.
சொந்தத் துப்பாக்கி இருந்தால்தான் நிற்க விடுவார்கள்.
சுடுகிற வேலை இல்லம்மா,
வச்சிக்கிட்டு நிக்கிற வேலை, என்றார்.

தங்கையா குழலை மடக்கித் திறந்து
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து
ஒரு கண்ணால் பார்த்தார்.
நெடுநேரம் பார்த்தார்.
"அண்ணாச்சிக்கு நான்தான் வித்தேன்.
சுட்ட ராத்திரியே, காலக் கழுவுறதுக்கு முன்ன,
எண்ணெய் போட்டுத் துடைக்கிற மனுசன்.
கடைசி வெடி துடைக்காமக் கெடக்கே.
கரி துருவாயிருச்சு."

அப்புறம் தோட்டா எண்ணினார்கள்.
புத்தகத்தில் பன்னிரண்டு.
பெட்டியில் பதினொன்று.
திரும்பவும் எண்ணினார்கள்,
பதினொன்றே.

அவர் ஹைகிரவுண்டில் கிடந்த மூன்றாம் ராத்திரி.
குலைதள்ளிய ஏத்தன் முந்நூறு.
இருட்டுக்குள் தண்டைக் கடித்து உரிக்கும் சத்தம்,
யாரோ ஈரச்சீலையைக் கிழிப்பது போல.
சாவி அரிசிப் பானையில்.
வானத்தைப் பார்த்துத்தான் பிடித்தேன் என்று நினைக்கிறேன்.
சத்தம் மகேந்திரகிரிவரை போய்த்
திரும்பி வந்து எங்கள் ஓட்டை உலுக்கியது.
பன்றிகள் ஓடின.
நானும் ஓடினேன்.

கடையில், என்னை அறியாமல்,
இடதுகை வலது தோளுக்குப் போய்விட்டது.
ஏட்டம்மா பார்த்துவிட்டாள்.
பயிற்சியில் அவளுக்கும் அந்தத் தோள் வீங்கியிருக்கும்.
பேனாவை என் பக்கம் தள்ளினாள்.
"எழுதுங்க. ஒரு தோட்டா
தோப்புச் சகதியில் தவறிவிட்டது.
தேடியும் கிடைக்கவில்லை."
தவறி என்பதில் எனக்கு
வல்லின றகரமா என்று சந்தேகம்.
அதையும் அவளே சொன்னாள்.

ஹவில்தார் கையெழுத்துப் போட்டார்,
பதினொன்றையும் தன் புத்தகத்தில் ஏற்றிக்கொண்டார்.
தோளில் வைத்துப் பார்த்து இறக்கினார்.
"துரு ஒண்ணுமில்ல, தொடச்சாப் போயிரும்."

மறுநாள் காலை
கஞ்சி கொண்டுபோனேன் வார்டுக்கு.
கரண்டி வாய்வரை ஏறவில்லை,
இடதுகைக்கு மாற்றினேன்.
அவர் என் தோளையே பார்த்தார்,
சீலைக்கு மேலேயே கன்னிப்போனது தெரிந்தது போல.
பன்றி வந்ததா என்று கேட்கவில்லை.
குலை தப்பியதா என்று கேட்கவில்லை.
"தொடச்சியா?" என்றார்.

தொடச்சாச்சு, என்றேன்.