சாக்கில் அச்சிட்ட மாகாணம்

ஒட்டுசுட்டான் சங்கக்கடைக்கு
நேற்று இறங்கியது இருபத்தெட்டு மூட்டை.
நூல் பிரிக்குமுன் சந்திரவதனி வாசித்தாள்:
மைசூர்ப் பருப்பு. சஸ்கச்சுவான், கனடா.

தம்பியின் அட்லஸில் தேடிப் பார்த்தாள்.
அடிமட்டம் வைத்துக் கீறிய நாலு எல்லை;
ஆறு வளைந்த இடத்திலும்
கோடு வளையவில்லை.

புல்வெளியாம். காட்டெருமையாம்.
அதன் பின்னால் திரிந்த சனமாம்.
பிறகு தண்டவாளம், கோதுமை,
சனத்துக்கு அளந்துவிட்ட துண்டுக் காணி,
அதைத் தாண்ட ஒரு பாஸ்.

பாஸ்.
அந்தச் சொல்லுக்கு அவளுக்கு
அகராதி தேவைப்படவில்லை.
ஓமந்தையில், வெயிலில்,
அப்பாவின் மூச்சிழுப்போடு
ஒன்றரை நாள் நின்றிருக்கிறாள்.

நிலத்தின் அடியில் அங்கே
செத்த கடலொன்றின் உப்பு.
வெட்டி, கப்பலேற்றி, பசளையென்று
முத்தையன்கட்டு வலதுகரையில்
பரராசா கடனுக்கு வாங்கி வீசுகிற
சிவப்புக் குறுணி அதுவாயும் இருக்கலாம்.

அவர்தான் வந்து நிற்கிறார்.
"அரைக் கிலோ, பிள்ளை.
கொப்பியில போடு.
வெறுஞ்சாக்கு ஒண்டு எனக்கு வை,
மாட்டுக் கொட்டில் ஒழுகுது."

அள்ளும்போது ஒரு கல்,
மிளகளவு, கறுப்பு.
எறியாமல் தட்டில் வைத்தாள்.
முள் அசையவில்லை.