நான்குக்கு ஒன்று

சுகததாச உள்ளரங்கில் மின்விசிறி பாதி சுழலவில்லை.
எனக்கு முன் சந்தலி, சிவப்புப் பட்டி.
சட்டைக் கைகளுக்குக் கஞ்சி போட்டிருக்கிறாள்;
குத்து போய்ச் சேருமுன்னே துணி வெடிக்கிறது.
கடைசி அடியில் ஒரு கத்துக் கத்தினாள்,
கூரையில் இருந்த புறாக்கள் இடம் மாற,
தலைமை நடுவர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறக்க.
சத்தம் தீர்ந்த பிறகும் வாயை மூடவில்லை.
படமெடுக்கிறவர்களுக்கு வசதியாக அப்படியே நின்றாள்.

என் முறை. நீலம்.
கால் சரி. திரும்பல் சரி.
மூன்று வாரம் தலையணைக்குள் கத்திப் பழகியிருந்தேன்,
கீழ்வீட்டுக்காரர் பொலிசுக்கு அறிவிக்காமலிருக்க.
அந்த இடம் வந்தது.
வாயைத் திறந்தால் அங்கே அம்மாவின் கை,
ஆமர் வீதிச் சாவடியில் பஸ்ஸை மறித்த பின்னேரம்
"கதையாதே" என்று பொத்திய கை,
எடுக்க மறந்துபோய் இன்னும் இருந்தது.
இருமல் போல ஏதோ வந்தது.

நான்கு கொடி அவளுக்கு.
எனக்குத் தூக்கிய ஒருவருக்கு
காது கொஞ்சம் மந்தம் என்று பிறகு சொன்னார்கள்.

புறக்கோட்டையில் நூறாம் இலக்க பஸ்.
மிதிபலகையில் தொங்கிய பையன்
கொள்ளுப்பிட்டி பம்பலப்பிட்டி வெள்ளவத்தை என்று
அடிவயிற்றிலிருந்து கூவினான்.
கொடி ஒன்றும் எழவில்லை;
மீன்கூடையோடு ஒருவர் ஏறினார்.

சவோயடி வந்தும் பஸ் நிற்கிற மாதிரி இல்லை.
மணிக்கயிறு அறுந்து தொங்கியது.
"இறக்கம்!"
சாரதி மிதித்த மிதியில்
நின்றவர்கள் எல்லாம் ஒருவர் தோளில் ஒருவர்.
யாருடையதோ தக்காளி காலடியில் உருண்டது.
பையன் காதைப் பொத்தியபடி வழி விட்டான்:
"கேட்டது நங்கி, கேட்டது."