மாவு உண்டு

ஓணத்துக்கு நான்கு நாள்.
மீனாட்சிபுரம் பால் சோதனைச் சாவடியில்
இரவு ஒன்றரை மணி.
பொள்ளாச்சிப் பக்கமிருந்து
டேங்கர்கள் வரிசை கட்டி நிற்கின்றன.
மூடி திறந்து, கலக்கி, ஒரு கரண்டி மொண்டு
எண் ஒட்டித் தருவார்கள்.
நான் சோதிப்பேன்.
கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு,
யூரியா உண்டா, சோடா உண்டா, மாவு உண்டா.
உண்டு, இல்லை:
எல்லையின் இரண்டு பக்கமும்
மொழிபெயர்க்காமல் செல்லுபடியாகும் சொற்கள்.

பதினாறாம் எண் ஒரு மினி வேன்.
உள்ளே அட்டைப் பெட்டிகள்,
கொச்சியில் ஏதோ காபிக் கடைக்கு.
பெட்டியின் மேல் ‘ஓட்ஸ் பால் - வீகன்’.
பின்னால் நின்ற டேங்கர் ஆறுச்சாமி எட்டிப் பார்த்து
‘வேகனா? அப்ப ரயில்லயே உட்டிருக்கலாமே’ என்றார்.

வேனோடு வந்த பையன் பெயர் நவநீதன்.
பெயரிலேயே வெண்ணெய்,
தொடுவதில்லை.
அதை அவனே முதலில் சொல்லிச் சிரித்தான்,
பலர் சொல்லிக் கேட்டுச் சலித்த சிரிப்பு.

ஸ்ரீலேகா மேடம் கேட்டார்: சைவம்தானே?
இல்லீங்க.
பின்னே, அசைவமா?
அதுவும் இல்லீங்க.
சைவம் பாலைக் கேள்வி கேட்காதுங்க மேடம்,
நெய்யை, தேனை.
இது கேட்கும்.
செருப்பைக் கழற்றிக் காட்டினான், ரெக்சின்.
தங்கச்சி கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி கட்டாததில்
மாமாவோடு இன்னும் பேச்சு இல்லையாம்.

ஆறுச்சாமி பீடியை அணைத்தார்.
‘மாசக் கடைசில எங்கூட்ல எல்லாரும் அதுதான் தம்பி.
கஞ்சி, ஊறுகா, கடுங்காப்பி.
பேருதான் தெரியாமப் போச்சு.’
இல்லீங்ணா, அது வந்து…
என்று தொடங்கி
நவநீதன் முடிக்கவில்லை.

மேடத்துக்குப் படிவம் நிரம்ப வேண்டும்.
வகை: பசு, எருமை, கலப்பு.
மூன்றே கட்டம்.
இது பாலே இல்லை, நமக்கென்ன என்றார்.
பால் என்றுதானே அச்சடித்திருக்கிறது
என்றார் காவலுக்கு நின்றவர்.

எனக்குத் தமிழ் குறுக்கே வந்தது.
தேங்காய்க்கும் பால் என்கிறோம்,
எருக்குக்கு, கள்ளிக்கு.
விடிகாலை ரப்பர் மரத்தில் சிரட்டை ஏந்துவதும் பால்.
சித்தூர் வயலில் பிந்தி நட்ட நெல்
இப்போதுதான் பால் பிடித்து நிற்கிறது.
மாட்டுக்கு மட்டும் இந்தச் சொல்லை
யார் பட்டா போட்டுக் கொடுத்தது?

ஒரு பெட்டியைப் பிரித்து
ஐந்து மில்லி ஊற்றி
அயோடின் இரண்டு சொட்டு விட்டேன்.
மை நீலம்.
மாவு: உண்டு.
எங்கள் கணக்கில் கலப்படம்.

அப்போதுதான் சுடிதார் நனைந்தது.
கோவிந்தாபுரத்தில் ஐந்து மாதக் குழந்தை
இந்நேரம் எழுந்து
புட்டியில் பவுடர் பால் குடித்துக்கொண்டிருக்கும்.
துப்பட்டாவை இழுத்து விட்டேன்.
மேடம் போன் பேச வெளியே போன நேரம்
கேட்டுவிட்டேன்:
தாய்ப்பால்?
பையன் தன் ரெக்சின் செருப்பைப் பார்த்தான்.
‘அது சேரும்க்கா.
குடுக்கறவங்க மனசோட குடுக்கறாங்கல்ல.’

கழிவறை வாஷ்பேசினில் பிழிந்து விட்டேன்.
ஒரு பக்கம், பிறகு மறுபக்கம்.
மனசோடதானா என்று
தெரியவில்லை.
வலி குறைந்தது.
குழாயைத் திறந்தேன்.

திரும்பி வந்தபோது
மூன்று கட்டத்துக்குப் பக்கத்தில்
மேடம் பேனாவால் நான்காவது வரைந்து
‘மற்றவை’ என்று எழுதி
வேனை அனுப்பியிருந்தார்.

பதினேழு, ஆறுச்சாமியுடையது.
பசு.
லாக்டோமீட்டர் இருபத்தெட்டில் நின்றது.
யூரியா இல்லை, சோடா இல்லை, மாவு இல்லை.
படிவம் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.
கையெழுத்துப் போட்டுத் தள்ளினேன்.
ஸ்டாண்டில் பதினாறின் குழாய்
இன்னும் நீலமாக இருந்தது.
பதினெட்டு ஹாரன் அடித்தது.