தோல் பிரிவு

கன்னத்தில் ஒரு புள்ளி.
மிளகளவு. வெளுத்தது.
அதற்காகத்தான் வேலூருக்கு வந்தேன்,
ராணிப்பேட்டையிலிருந்து ஏழு மணி பஸ்ஸில்,
ரத்தினகிரி தாண்டும்வரை
செல்போன் கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டு.

நேற்றிரவு அம்மா அழுதாள்.
இவ்வளவு செவப்பான பொண்ணுக்கா,
அதுவும் வரன் பார்க்கிற நேரத்தில்.
செவப்பு என்பது எங்கள் வீட்டில் நிறமல்ல,
பேங்க்கில் போட்டுவைத்த பணம்.

வரிசை வராந்தாவைத் தாண்டி
வெயிலுக்குப் போயிருந்தது.
"வாங்க மேடம், இப்படி உக்காருங்க"
என்றார் வாட்ச்மேன்.
நான் கேட்கவில்லை.
உட்கார்ந்தேன்.

எனக்கு முன்னால் நின்றவளுக்கு ஐம்பது இருக்கும்.
"ஏய், நீ அந்தாண்ட நில்லு."

அவள் கைகள் முழங்கைவரை வெடித்திருந்தன.
நகக்கண்ணில் நீலம்.
அந்த நீலம் எனக்குத் தெரியும்.
மாடோ எருமையோ ஆடோ
முடி கழன்று குரோமில் ஊறி வந்தால்
எல்லாத் தோலும் அந்த நீலம்தான்.
அப்பா அதை மேசையில் புரட்டிப் போட்டு
உண்ணி கடித்த இடம், முள்கம்பி கீறிய இடம்,
சூடுபோட்ட இடம் எல்லாம் தடவிப் பார்த்து
ஒன்று, இரண்டு, மூன்று, கழிவு
என்று சாக்பீஸால் எழுதுவார்.
அப்பா சட்டையில் ஒருநாளும் நீலம் இருந்ததில்லை.
சாக்பீஸ் மாவு மட்டும்.

சீட்டு எழுதுகிறவர் என்னிடம் கேட்டார்:
"ராணிப்பேட்டையில எந்தத் தெருங்க?"
சொன்னேன்.
"அடடே, நம்ம பக்கம்" என்று சிரித்தார்.
எந்தப் பக்கம் என்று எனக்கு
அதுவரை தோன்றியதே இல்லை.
அவளிடமும் கேட்டார். "காலனிங்க."
அவள் சொல்வதற்கு முன்பே
அவர் பேனா அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தது.
பெயர் மட்டும் சத்தமாகப் படித்தார்: காசியம்மா.

"உங்களுக்கு என்னம்மா?" என்றாள் என்னிடம்.
கன்னத்தைக் காட்டினேன்.
கண்ணைச் சுருக்கினாள். "எங்க?"
குனிந்து, இன்னும் குனிந்து பார்த்து,
"இதுவா! கவலைப்படாதீங்க, போயிடும்"
என்று அந்தக் கையோடு
எனக்கு ஆறுதல் சொன்னாள்.

அவள் வாயிலும் அந்த "ங்க".
இருபத்துநாலு வயதுவரை
எத்தனை பேரிடம் வாங்கியிருப்பேன்,
பால்காரர், டைலர், சுண்ணாம்புக் குழியிலிருந்து
காலைத் துடைத்துக்கொண்டு வந்து
அப்பாவிடம் சம்பளம் கேட்டவர்கள்.
ஒன்றுக்கும் ரசீது இல்லை.
என்னை யாரும் எந்த மேசையிலும்
புரட்டிப் பார்த்ததில்லை.
பார்க்காமலே எழுதியிருக்கிறார்கள், ஒன்று என்று.

எழுந்தேன்.
"நீங்க உக்காருங்க."
காசியம்மா என்னைப் பார்க்கவில்லை,
வாட்ச்மேனைப் பார்த்தாள்.
"வேணாம்மா, எனக்கு எதுக்கு வம்பு."
நாற்காலி கொஞ்ச நேரம் காலியாக இருந்தது.
வேறு யாரோ பையை வைத்தார்கள்.

டாக்டர் ஒரு களிம்பு எழுதினார்.
இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.
வெளியே வரும்போது அவள்
சுவரோரம் அதே இடத்தில்,
கைகளை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி.
ஏதாவது சொல்லியிருக்கலாம்.
பஸ் வந்துவிட்டது.

விசாரம் தாண்டிக் கண்டக்டர் வந்தார்.
சில்லறை இல்லை என்றேன்.
பின்னால் ஒருத்தரை அதற்காகத்தான்
அவர் இப்போது திட்டிவிட்டு வந்தார்.
"பரவால்லீங்க, அப்புறம் குடுங்க."
டிக்கெட்டோடு அதுவும் கையில் விழுந்தது.
வாங்கிக்கொண்டேன்.