மாதிரி முகம்

பர்மா சாலையில், டயர் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி.
கீழே சக்கரம் கழற்றும் துப்பாக்கி அலறும்போதெல்லாம்
மேலே படுத்திருக்கும் முகம் ஒன்று சுருங்கும்.
"பொறு, அது விரியட்டும்" என்பார் மேடம் கூ,
சிரிக்காமல்.

வகுப்பில் எல்லோருக்கும் பத்தொன்பது, இருபது.
எனக்கு நாற்பத்தொன்று.
முதல் நாள் கோகிலவாணி என்னை
யாரையோ சேர்க்க வந்த அம்மா என்று நினைத்து
நாற்காலி எடுத்துப் போட்டாள்.

பதினாறு வருடம் பாயான் லெப்பாஸில்,
தூசு புகாத அறையில் வேலை.
தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு, முகமூடி,
கையுறைமேல் கையுறை.
அங்கே சில்லுக்குத்தான் மரியாதை.
நம் தோல் அதற்கு அழுக்கு.
மனிதர் ஓயாமல் செதில் உதிர்க்கிறார் என்று
படம் போட்டு ஒட்டியிருந்தார்கள்
கழிப்பறைக் கதவில்கூட.
பிறகு ஆலை வியட்நாம் போயிற்று.
கிடைத்த பணத்தில் பாதி வீட்டுக் கடனுக்கு,
மீதி இங்கே.

இப்போது அதே செதில்தான் எனக்குப் பாடம்.
மலாய்ப் புத்தகம் அதைக் கொம்பு அடுக்கு என்கிறது.
அடியில் பிறந்து, மேலேறும் வழியில் செத்து,
இருபத்தெட்டாம் நாள் உதிருமாம்.
பஸ்ஸில் தமிழில் முணுமுணுக்கிறேன்,
செத்தது, உதிர்வது, செத்தது, உதிர்வது.
பக்கத்துப் பையன் தள்ளி உட்காருகிறான்.

வெறுங்கையால் முதலில் தொட்டது
ஃபர்ஹானாவின் கன்னம்.
இவ்வளவு சூடாக இருக்கும் என்று
யாரும் சொல்லியிருக்கவில்லை.
"உங்க கை ஐஸ் மாதிரி இருக்கு, காக்" என்றாள்.
அதன்பின் தினமும்
வெந்நீர்க் கிண்ணத்தில் கை வைத்துவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

சுவரில் தோல் நிற அட்டவணை, ஒன்றுமுதல் ஆறுவரை.
நான் ஐந்து.
இலவசப் பயிற்சிக்கு வருகிற நாலாம் எண்கள்
மூன்றாக முடியுமா என்று கேட்கிறார்கள்.
ஐந்தாம் எண் விரலால் வெயில் களிம்பைத் தடவியபடி
முடியாது என்பதை
மூன்று மொழியிலும் நோகாமல் சொல்லப் பழகுகிறேன்.
தமிழில்தான் கஷ்டம்.
தமிழில் கேட்பவர்கள் மகளையும் கூட்டி வருகிறார்கள்.

தேர்வன்று என் மாதிரிக்குக் காய்ச்சல்.
மேடம் கூ கீழே இறங்கிப்போய்
டயர் மாற்றக் காத்திருந்த ஒரு பெண்ணை ஏற்றி வந்தார்.
முக்காட்டை மடித்து வைத்துப் படுத்தாயிற்று.
கோகிலவாணி கண்களில் பஞ்சு வைத்துவிட்டாள்.
நான் முகத்தைப் பார்க்கவில்லை,
படிவம் கேட்டதைப் பார்த்தேன்:
நெற்றி எண்ணெய். கன்னம் வறட்சி.
மூக்கோரம் கரும்புள்ளி, பதினொன்று.
உதட்டுமேல் பழைய தையல் தழும்பு.
ஆவி, வருடல் பதினாறு, மேல்நோக்கி, எல்லாம் மேல்நோக்கி,
பூச்சு, துடைப்பு.
தேர்வாளரின் பேனா என் முதுகுக்குப் பின்னால்
கீறிக்கொண்டே இருந்தது.

பஞ்சை எடுத்தேன்.
கண் திறந்தது.
முகமூடிக்கு மேலே இருந்த என் கண்ணைப் பார்த்து
அந்தப் பெண் கேட்டார்:
"ஏழாம் மெஷின்?"

ஸலேஹா.
ஆறு வருடம், காலை ஏழு மணிக்கு
இரவு ஷிப்ட்டை என்னிடம் ஒப்படைத்த கண்கள்.
ஏழு மறுபடி தகராறு, பார்த்துக்கோ.
அவ்வளவுதான் பேச்சு.
அவர் போகும் கதவு வேறு, நான் வரும் கதவு வேறு.
அந்தத் தழும்பை இன்றுதான் பார்க்கிறேன்,
அதுவும் துடைத்து முடித்தபின்.

"ஏழுதான்" என்றேன்.
தேர்வு நேரத்தில் பேசக்கூடாது. பேனா கீறியது.

"அதைக் கழற்று, உன் வாயைப் பார்க்கணும்" என்றார்.
வெயில் களிம்பு பாக்கி.
முடியும்வரை முகமூடி கழற்றக் கூடாது.
கீழே யாரோ அவர் கார் எண்ணைக் கூவினார்கள்.

இன்னும் நாலு நிமிடம், காக்,
என்று கண்ணாலேயே சொன்னேன்.
புரிந்துகொண்டார்.
பழக்கம்தானே.